கை அசைந்தால் போதுமா? செயல்முறை சிகிச்சையின் அடிப்படைகள்

"காலுக்கு பிசியோதெரபி, கைக்கு ஆக்குபேஷனல் தெரபி" என்று மருத்துவமனை வராந்தாக்களில் ஒரு வாய்பாடு உலவுகிறது. சொல்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள், ஆனாலும் அது தவறு. நோயாளிக்குப் பொழுது போவதற்காக மணி கோக்கச் சொல்வார்கள், களிமண் பிசையக் கொடுப்பார்கள் என்பது இன்னொரு சித்திரம். வேலை தேடித் தரும் ஆலோசனை என்று நினைத்துக்கொண்டு வருபவர்களும் உண்டு. இந்தப் படிப்பில் சேரும் மாணவர்கள் பாடத்தைப் படிப்பதற்கு முன்பே, உறவினர்களுக்கு இதை விளக்கிச் சலித்துப்போகிறார்கள்.

ஆக்குபேஷனல் தெரபியை இந்தக் கட்டுரையில் செயல்முறை சிகிச்சை என்று குறிப்பிடுகிறேன். பல் துலக்குவது, உடுத்துவது, சமைப்பது, எழுதுவது, பிள்ளைகள் விளையாடுவது, பேருந்தில் ஏறி வேலைக்குப் போவது என்று ஒருவரின் நாளை நிரப்பும் எல்லாமே இங்கே செயல்தான். நோயோ, காயமோ, பிறவிக் குறைபாடோ, முதுமையோ, மனநலச் சிக்கலோ அவற்றில் ஒன்றைத் தடுக்கும்போது, தடை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து அந்தச் செயலை மறுபடியும் நடக்கவைப்பதுதான் இந்தச் சிகிச்சை. எந்த உறுப்பு என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வரும்.

## இறுகிய மூடியும் மூன்று வழிகளும்

ஒரு கண்ணாடிப் புட்டியின் மூடி இறுகிவிட்டது, திறக்க வரவில்லை. என்ன செய்வீர்கள்? ஈரக் கையைத் துடைத்துக்கொள்வீர்கள். புட்டியை மேசையில் ஊன்றி, எழுந்து நின்று, உடம்பின் எடையைக் கொடுத்துத் திருகிப் பார்ப்பீர்கள். மூடியை வெந்நீரில் காட்டுவீர்கள். எதுவும் பலிக்காவிட்டால் பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டுவீர்கள். பிடி வலுக்கட்டும் என்று மூன்று மாதம் உடற்பயிற்சி செய்துவிட்டு வந்து யாரும் மூடியைத் திறப்பதில்லை.

யோசிக்காமலேயே நீங்கள் மூன்று இடங்களில் கை வைத்திருக்கிறீர்கள். கையைத் துடைத்தது உங்களை மாற்றியது. எழுந்து நின்று திருகியது செய்யும் முறையை மாற்றியது. வெந்நீரும் பக்கத்து ஆளும் சூழலை மாற்றின. ஆள், செயல், சூழல் ஆகிய இந்த மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தும் அளவுக்குத்தான் ஒருவரால் ஒன்றைச் செய்ய முடிகிறது என்பது துறையின் அடித்தளக் கருத்து. மேரி லா தலைமையிலான கனடியக் குழு 1996இல் இதை ஒரு மாதிரியாக வரைந்து வெளியிட்டது. பாடப்புத்தகங்களில் ஒன்றன் மேல் ஒன்று படியும் மூன்று வட்டங்களாக அதைப் பார்க்கலாம்.

வட்டங்கள் எளிமையாகத் தோன்றினாலும் அவற்றின் விளைவு பெரியது. சக்கர நாற்காலியில் இருப்பவர் கட்டடத்துக்குள் போக முடியாததற்கு அவருடைய கால்களைக் காரணம் சொல்வது ஒரு பார்வை. வாசலில் இருக்கும் மூன்று படிகளைக் காரணம் சொல்வது இன்னொரு பார்வை. கால்களை மாற்ற முடியாத இடத்தில் படிகளுக்குப் பதில் சாய்தளம் போட முடியும். ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம், அதாவது ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவு விகிதத்தை இந்தத் துறை மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள்.

செயல்களையும் இரண்டு அடுக்காகப் பிரிப்பது வழக்கம். குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை போவது, உண்பது போன்று உடலைப் பராமரிப்பவை அன்றாட அடிப்படைச் செயல்கள். பணத்தைக் கையாள்வது, மருந்தை வேளை தவறாமல் எடுத்துக்கொள்வது, தொலைபேசியில் பேசுவது, கடைக்குப் போவது போன்றவை கூட்டுச் செயல்கள். இரண்டாவது அடுக்குக்கு நினைவாற்றலும் திட்டமிடலும் அதிகம் தேவை என்பதால், மறதி நோய் தொடங்கும்போது பெரும்பாலும் முதலில் ஆட்டம் காண்பது அதுதான். தானே குளித்து உடுத்திக்கொள்ளும் ஒருவர் மருந்தை இரண்டு முறை விழுங்கிவிடலாம். "அவருக்கென்ன, எல்லாம் தானே செய்துகொள்கிறார்" என்று குடும்பம் நிம்மதியாக இருக்கும் கட்டம் இது.

சுருக்கமாக: ஒரு செயல் நின்றுபோனால் காரணம் ஆளிடம் இருக்கலாம், செய்யும் முறையில் இருக்கலாம், சூழலிலும் இருக்கலாம். எதை மாற்றினால் சீக்கிரமாகவும் பாதுகாப்பாகவும் பலன் கிடைக்கும் என்று பார்ப்பதுதான் சிகிச்சையாளரின் முதல் வேலை.

## ஒரு சட்டை போடுவதற்குள்

அதை எப்படிப் பார்ப்பது? இதற்குப் பெயர் செயல் பகுப்பாய்வு. ஒரு செயலைச் சிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியும் உடலிடமும் மூளையிடமும் என்ன கேட்கிறது என்று ஆராய்வது. இந்தத் துறையில் ஒன்றே ஒன்றைத்தான் கற்றுக்கொள்ள நேரம் இருக்கிறது என்றால் இதைத்தான் கற்றுக்கொள்ளச் சொல்வேன்.

முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டையை எடுத்துக்கொள்வோம். பக்கவாதம் வந்து இடது கை, கால் பலவீனமான ஒருவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார். சட்டை மடியில் இருக்கிறது, போட முடியவில்லை. இடது கை பலவீனம்தானே காரணம் என்று தோன்றும். பொறுங்கள்.

முதலில், சாயாமல் உட்கார வேண்டும். வலது கை சட்டையைப் பிடிக்கப் போய்விட்டால் கட்டிலைப் பிடித்துக்கொள்ள கை இல்லை. உட்காரும் சமநிலை இல்லாதவர் அந்தக் கணத்தில் சட்டையை விட்டுவிட்டுக் கட்டிலைப் பற்றுவார். அவருக்குப் பயிற்சி தேவைப்படுவது இடுப்புக்கும் முதுகுக்கும். முதுகு சாய்க்கும் நாற்காலியில் உட்காரவைத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடவும் கூடும்.

அடுத்து, சட்டையில் எது கழுத்துப்பட்டை, எது கைப்பகுதி என்று கண் பிரித்தறிய வேண்டும். கட்டம் போட்ட துணியில் இது இன்னும் கடினம். பிறகு, தனக்கு ஓர் இடது பக்கம் இருக்கிறது என்பதே கவனத்தில் இருக்க வேண்டும். மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்டவர்களில் சிலருக்குக் கண் நன்றாகத் தெரிந்தாலும் இடப்பக்க உலகம் கவனத்திலிருந்து விழுந்துவிடுகிறது. தட்டின் வலது பாதியை மட்டும் உண்பார்கள், முகத்தின் வலது பாதியை மட்டும் மழிப்பார்கள். இதற்கு ஒருபக்கப் புறக்கணிப்பு என்று பெயர். இப்படிப்பட்டவர் வலது கையை மட்டும் நுழைத்துவிட்டு "போட்டுக்கொண்டேன்" என்று உறுதியாகச் சொல்வார். பொய் சொல்லவில்லை, அவருக்கு அது உண்மை.

இன்னொருவருக்குத் தசையில் வலு இருக்கும், உணர்ச்சி இருக்கும், சொன்னது புரியும். ஆனாலும் சட்டையைக் காலில் மாட்டப் பார்ப்பார். அசைவுகளை எந்த வரிசையில் கோத்துச் செய்வது என்ற மூளையின் திட்டம் கலைந்துபோயிருக்கிறது. அப்ராக்ஸியா என்பது இதுதான். ஒத்துழைக்க மறுக்கிறார், பிடிவாதம் பிடிக்கிறார் என்று மற்றவர்கள் இவரைத் தவறாகப் புரிந்துகொள்வது மிகச் சாதாரணம்.

இவ்வளவுக்கும் பிறகுதான் கையின் பலவீனம், தசை விறைப்பு, தோள் வலி, தொடுவுணர்ச்சி இழப்பு, விரல்நுனியால் பொத்தான் போடும் சிரமம் எல்லாம் வருகின்றன. "சட்டை போட முடியவில்லை" என்ற ஒரே புகாருக்குப் பின்னால் இத்தனை காரணங்கள், ஒவ்வொன்றுக்கும் வேறு சிகிச்சை. புறக்கணிப்பு உள்ளவருக்கு இடப்பக்கம் பார்வையைத் திருப்பித் தேடும் பழக்கம் வேண்டும். அப்ராக்ஸியா உள்ளவருக்கு வாய்மொழி விளக்கம் பலநேரம் குழப்பத்தைத்தான் கூட்டும், அவர் கையைப் பிடித்து அசைவை நடத்திக் காட்டுவது கூடுதலாக உதவும். இருவருக்கும் பொத்தான் பலகையைக் கொடுத்து "பழகுங்கள்" என்று விட்டுவிட்டுப் போனால் அது சிகிச்சை ஆகாது.

பலவீனம்தான் காரணம் என்று உறுதியானால், முறையை மாற்றுவது எளிது. பாதிக்கப்பட்ட கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியாக எடுக்க வேண்டும். காரணம் துணியின் தளர்ச்சி. நல்ல கையை முதலில் நுழைத்துவிட்டால் துணி இழுபட்டு, மீதமிருக்கும் குறுகிய இடைவெளிக்குள் வளையாத கையை வளைத்துத் திணிக்க வேண்டிவரும். துணி தளர்வாக இருக்கும்போது பலவீனமான கையைப் போட்டுவிட்டால், மிச்சத்தை எட்டிப் பிடிக்க நல்ல கைக்குத் தெரியும்.

## மீட்பதா, ஈடுகட்டுவதா?

காரணம் தெரிந்த பிறகு பாதை இரண்டாகப் பிரிகிறது. இழந்த திறனைத் திரும்பக் கொண்டுவர முயல்வது மீட்பு அணுகுமுறை. திறன் வராது, அல்லது வருவதற்கு நாளாகும் என்ற நிலையில் முறையையோ கருவியையோ சூழலையோ மாற்றிச் செயலை முடிப்பது ஈடுகட்டும் அணுகுமுறை. குனியாமல் காலணிக்குள் குதிகாலை நுழைக்க உதவும் நீளப் பிடி வைத்த காலணிக் கொம்பு, பொத்தானைத் துளை வழியே இழுக்கும் பொத்தான் கொக்கி, குளியலறைக் கைப்பிடி எல்லாம் இரண்டாவது வகை.

ஈடுகட்டுவதைத் தோல்வியாகப் பார்க்கும் மனநிலை குடும்பங்களிடம் மட்டுமல்லாமல், சில சிகிச்சையாளர்களிடமும் இருக்கிறது. இதில் எனக்கு உடன்பாடு இல்லை. தசைகள் படிப்படியாகச் செயலிழக்கும் நோயில், மீட்பு மீட்பு என்று மாதங்களைச் செலவழிப்பது நோயாளிக்கு மிச்சமிருக்கும் நல்ல நாட்களைத் திருடுவதற்குச் சமம். அதேபோல, பக்கவாதம் வந்த சில வாரங்களிலேயே எல்லாவற்றையும் நல்ல கையாலேயே செய்யப் பழக்கிவிட்டால், மீண்டிருக்கக்கூடிய கையும் பயன்படுத்தப்படாமல் பின்தங்கிவிடும். நோயின் போக்கு தெரியாமல் எந்தப் பக்கமும் சாயக் கூடாது.

இரண்டு அணுகுமுறைகளும் சந்திக்கும் அழகான இடம் ஒன்று உண்டு. கழுத்துத் தண்டுவடத்தில் சி6 என்ற மட்டத்தில் காயம்பட்டவர்களுக்கு விரல்களை மடக்கும் தசைகள் வேலை செய்யாது, ஆனால் மணிக்கட்டை மேலே தூக்கும் தசைகள் வேலை செய்யும். உங்கள் கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, மணிக்கட்டை மட்டும் மெல்ல மேலே தூக்கிப் பாருங்கள். விரல்கள் தாமாகவே உள்ளே சுருளும். மணிக்கட்டைத் தாழ்த்துங்கள், விரல்கள் விரியும். விரல்களுக்குப் போகும் தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து செல்வதால் ஏற்படும் இழுவை அது. டெனோடெசிஸ் பிடி என்று இதைச் சொல்வார்கள். விரல் தசை செத்திருந்தாலும் இந்த இழுவையைக் கொண்டு ஒருவர் பேனாவையோ காகிதத்தையோ பற்ற முடியும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. விரல்கள் சுருங்கி இறுகிவிடக் கூடாது என்று அக்கறையுள்ள உறவினர் தினமும் மணிக்கட்டையும் விரல்களையும் ஒருசேர நன்றாக நீட்டி விடுகிறார் என்று கொள்ளுங்கள். தசைநாண்கள் தளர்ந்துவிடும், இழுவை போய்விடும், இருந்த ஒரே பிடியும் போய்விடும். அதனால்தான் மணிக்கட்டு மேலே இருக்கும்போது விரல்களை மடக்கியும், மணிக்கட்டு கீழே இருக்கும்போது விரல்களை நீட்டியும் பயிற்சி தரச் சொல்கிறார்கள். இங்கே கொஞ்சம் இறுக்கம் தேவை. எல்லா இறுக்கமும் எதிரி என்று நினைப்பவரின் நல்லெண்ணம் இந்த இடத்தில் கேடாக முடியும்.

பயிற்சி தரும்போது செயலின் கடினத்தைப் படிப்படியாகக் கூட்டுவதும் குறைப்பதும் படிநிலைப்படுத்தல். பெரிய பொத்தானிலிருந்து சிறிய பொத்தானுக்கு, உட்கார்ந்து செய்வதிலிருந்து நின்று செய்வதற்கு என்று அது போகும். குழந்தைகளுக்கு அடிக்கடி கையாளும் உத்தி பின்னிருந்து கோத்தல். காலுறை போடக் கற்றுத்தருகிறோம் என்றால், குதிகால் வரை நாமே ஏற்றிவிட்டு, கடைசி இழுப்பை மட்டும் குழந்தையிடம் விடுவோம். மறுமுறை அதற்கு முந்தைய படியும் அதன் பொறுப்பு. ஒவ்வொரு முறையும் "நான் முடித்தேன்" என்ற மகிழ்ச்சி குழந்தைக்குக் கிடைத்துவிடுகிறது.

இதுவரை: செயலைப் பிரித்துக் காரணத்தைக் கண்டோம், நோயின் போக்கைப் பார்த்து மீட்பையோ ஈடுகட்டுவதையோ தேர்ந்தோம், பிறகு கடினத்தை அளந்து கூட்டினோம்.

## அளப்பது

"பரவாயில்லை, முன்னைக்கு இப்போது தேவலை" என்பது அளவு அல்ல. மூட்டு எத்தனை பாகை வளைகிறது என்பதைக் கோனியோமீட்டர் என்ற கோணமானி சொல்லும். தசை வலு பூஜ்ஜியம் முதல் 5 வரை. அதில் 3 என்றால், வேறு எதிர்ப்பு இல்லாமல், புவியீர்ப்பை மட்டும் எதிர்த்து முழு வீச்சுக்கு அசைக்க முடிகிறது என்று பொருள். 1965இல் வெளியான பார்த்தெல் அளவுகோல் பத்து அன்றாடச் செயல்களுக்கு மொத்தம் 100 மதிப்பெண் தருகிறது. உதவியின் அளவையும் எண்ணிக்கையாகவே எழுதுகிறார்கள். வேலையில் 75 சதவீதமோ அதற்கு மேலோ நோயாளியே செய்தால் குறைந்த உதவி, பாதியிலிருந்து அதுவரை என்றால் நடுத்தர உதவி.

இதில் பிடிவாதமாகக் கடைப்பிடிக்க வேண்டியது ஒன்றுதான். குளிக்க முடிகிறதா என்று கேட்டு எழுதக் கூடாது, செய்யச் சொல்லிப் பார்த்து எழுத வேண்டும். கூச்சத்தால் "முடியும்" என்பவர்களும், சோர்வால் "முடியாது" என்பவர்களும் இருக்கிறார்கள்.

## மனநலத்திலிருந்து வந்த துறை

மணி கோக்கும் சித்திரம் எங்கிருந்து வந்தது என்பதற்கு வரலாற்றில் பதில் இருக்கிறது. 1917 மார்ச் மாதம் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் சிலர் கூடி இந்தத் துறைக்கான முதல் தேசியச் சங்கத்தைத் தொடங்கினார்கள். கூட்டத்தை அழைத்த ஜார்ஜ் பார்ட்டன் மருத்துவர் அல்லர், கட்டடக் கலைஞர். காசநோயும் இடப்பக்க முடக்கமும் கண்டு, தோட்ட வேலையும் தச்சு வேலையும் செய்து தன்னை மீட்டுக்கொண்டவர். உடனிருந்த வில்லியம் ரஷ் டண்டன் மனநல மருத்துவர். வேலை, விளையாட்டு, ஓய்வு, உறக்கம் ஆகிய நான்கின் தாளம் குலைவதே மனநோயாளிகளின் பெரிய சிக்கல் என்று மனநல மருத்துவர் அடால்ஃப் மேயர் 1922இல் எழுதினார்.

அந்தக் காலத்தில் கைவினைகள் மருந்தாக இருந்தன. இன்றைக்கும் மனநலப் பிரிவில் நாளின் ஒழுங்கைத் திரும்பக் கட்டியெழுப்புவது சிகிச்சையாளரின் முக்கிய வேலை. மணி கோப்பது தேவைப்பட்டால் கோக்கலாம், ஆனால் எதற்காக என்ற கேள்விக்குச் சிகிச்சையாளரிடம் பதில் இருக்க வேண்டும்.

## உரிமம் எதைச் சோதிக்கிறது?

உலகச் செயல்முறை சிகிச்சையாளர் கூட்டமைப்பு 1952இல் உருவானது. அதன் குறைந்தபட்சத் தரவிதிகளின்படி, படிப்பின்போதே 1,000 மணி நேர நேரடிக் களப்பயிற்சி கட்டாயம். அதற்குப் பிறகு நாட்டுக்கு நாடு வழி மாறுகிறது. பிரிட்டனில் அங்கீகரிக்கப்பட்ட பட்டத்தை முடித்து அரசு சார்ந்த பதிவேட்டில் பெயர் சேர்க்க வேண்டும். அமெரிக்காவில் தேசியச் சான்றிதழ்த் தேர்வில் தேறிய பிறகே மாநில உரிமம் கிடைக்கும். அந்தத் தேர்வின் மதிப்பெண் 300 முதல் 600 வரையான அளவில் தரப்படுகிறது, தேர்ச்சிக்கு 450 தேவை. இந்தியாவில் 2021ஆம் ஆண்டின் துணை மருத்துவ மற்றும் சுகாதாரத் தொழில் வல்லுநர் ஆணையச் சட்டம் இந்தத் தொழிலையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்திருக்கிறது.

தேர்வுக்குப் படிப்பவர்கள் நரம்புகளையும் தசைகளையும் உருப்போட்டுவிட்டுப் போய்த் திகைப்பது, கேள்விகள் வேறு மாதிரி வருவதால்தான். "முதலில் என்ன செய்ய வேண்டும்?", "எது மிகப் பொருத்தம்?" என்றுதான் கேட்பார்கள். நான்கு விடைகளுமே ஏறக்குறையச் சரியாக இருக்கும்.

ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை பின்பக்க வழியாகச் செய்யப்பட்டவர், காலணியைத் தானே போட விரும்புகிறார். அவருடைய மருத்துவர் வழக்கமான மூன்று கட்டுப்பாடுகளை விதித்திருக்கிறார்: இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்கக் கூடாது, அந்தக் கால் உடலின் நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது, காலை உட்பக்கமாகத் திருப்பக் கூடாது. தாழ்வான முக்காலியில் உட்கார்ந்து குனியச் சொல்லலாமா? 90 பாகை மீறிவிடும். கால் மேல் கால் போடச் சொல்லலாமா? நடுக்கோடு தாண்டிவிடும். குடும்பத்தாரைப் போடச் சொல்லலாமா? பாதுகாப்பானதுதான், ஆனால் தானே போட வேண்டும் என்ற அவருடைய விருப்பம் அடிபட்டுப்போகும். உயரமான நாற்காலி, நீளப் பிடிக் காலணிக் கொம்பு, குனிந்து முடிச்சுப் போடத் தேவையில்லாத மீள்தன்மைக் காலணி நாடா ஆகியவற்றோடு பழக்குவதே விடை. ஆள், செயல், சூழல் என்ற மூன்று வட்டங்களும் தெரிந்தவருக்கு இதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

பாதுகாப்பு சார்ந்த கேள்விகளில் மட்டும் உருப்போட்டே ஆக வேண்டிய சில உண்டு. மார்பு முதுகெலும்பின் ஆறாவது மட்டத்திலோ அதற்கு மேலோ தண்டுவடக் காயம் பட்டவருக்குப் பயிற்சியின் நடுவே திடீரென்று தலை வெடிப்பதுபோல் வலிக்கிறது, முகம் சிவந்து வியர்க்கிறது. இரத்த அழுத்தம் ஆபத்தாக எகிறும் நிலை அது. உடனே நிமிர்த்தி உட்காரவைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, சிறுநீர் வடியப் பொருத்திய குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்த்து, மருத்துவ உதவியை அழைக்க வேண்டும். அதே நபர் படுக்கையிலிருந்து எழுந்ததும் வெளிறித் தலைசுற்றுகிறது என்றால் அழுத்தம் விழுந்திருக்கிறது, அப்போது சாய்த்துப் படுக்கவைக்க வேண்டும். இரண்டையும் மாற்றிச் செய்தால் உயிருக்கே ஆபத்து. உரிமம் இல்லாதவர்களை இந்த வேலைக்கு விடக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் தேவையில்லை.

கடைசியாக, இலக்கு எழுதும் கேள்விகள். "பிடி வலுவைக் கூட்டுதல்" என்று எழுதினால் மதிப்பெண் போகும், ஏனென்றால் வலு எதற்கு என்று அதில் இல்லை. "இரண்டு வாரங்களுக்குள், முதுகு சாய்க்கும் நாற்காலியில் அமர்ந்து, ஒரே ஒரு வாய்மொழி நினைவூட்டலுடன் முன்பொத்தான் சட்டையைத் தானே போடுவார்" என்று எழுதினால், அதை வாசிக்கும் வேறொரு சிகிச்சையாளர் மறுநாள் காலையில் அறைக்குள் நுழைந்ததும் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.